செம்பனை நிழலில் மின்வேலி: எந்தப் பேட்டரி என்ற கேள்வியும் அதன் பதில்களும்

மின்வேலி போட முடிவெடுத்த மாடு வளர்ப்பவர் கம்பியையும் கம்பங்களையும் பெரிய யோசனையில்லாமல் வாங்கிவிடலாம். அவர் தயங்கி நிற்கும் இடம் பேட்டரி. லோரியிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியே போதும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அது ஆறு மாதத்தில் செத்துவிடும், டீப் சைக்கிள்தான் வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. பராமரிப்பே வேண்டாத மூடிய பேட்டரியை ஒருவர் பரிந்துரைக்கிறார். லித்தியம் வந்த பிறகு ஈயத்தைத் தொடுவது வீண் என்கிறார் மற்றொருவர். இத்தனை பதில்களும் அனுபவத்திலிருந்தே வந்தவை. ஆனாலும் ஒன்றோடொன்று முட்டுகின்றன. ஏன் முட்டுகின்றன என்பதைப் பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில் உள்ள தஞ்சோங் மாலிமின் தோட்ட நிலத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு

தென்னிந்தியாவிலிருந்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவர்கள் லயத்தின் பின்புறத்தில் மாடு கட்டினார்கள். பாலும் சாணமும் குடும்பத்துக்கு உதவின. அவசரத்துக்கு விற்கக் கன்றும் கிடைத்தது. மலேசியக் கால்நடைத் துறை இன்றும் உள்ளூர் இந்தியக் கறவை மாடு என்று வகைப்படுத்தும் இனம் அப்படி வந்தவர்களின் மாடுகளிலிருந்து உருவானதுதான். பால்மரங்களுக்கு இடையே மேய்ச்சலுக்குப் பெரிய தடை இருந்ததில்லை. ரப்பர் அழிந்து செம்பனை பரவியபோது நிலைமை மாறியது. இளம் செம்பனையின் குருத்தோலையை மாடு கடித்தால் மரம் பின்தங்கிவிடும். மேய்ச்சல் தோட்ட நிர்வாகத்துக்கும் மாடு வளர்ப்போருக்கும் இடையே தீராத உரசலாயிற்று.

இந்த உரசலுக்குக் கிடைத்த தொழில்நுட்ப விடைகளில் ஒன்றுதான் நகர்த்தக்கூடிய மின்வேலி. செம்பனையுடன் மாடு வளர்ப்பதை இணைக்கும் திட்டங்களை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியமும் கால்நடைச் சேவைத் துறையும் ஊக்குவித்தன. முதிர்ந்த செம்பனையில் நான்கு ஹெக்டருக்கு ஒரு மாடு என்பது அத்திட்டங்களில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மந்தையை ஒரு பாத்தியில் சில நாள் மேயவிட்டு அடுத்ததற்கு நகர்த்தினால் களை குறையும், மண் இறுகாது, புல் மீண்டும் தழைக்க அவகாசம் கிடைக்கும். இந்தச் சுழற்சி மேய்ச்சலின் கோட்பாட்டை பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே வொய்சான் 1957-ல் வெளியிட்ட புல்வள நூல் பரப்பியது. கோட்பாடு ஐரோப்பாவின் திறந்த புல்வெளியில் பிறந்தது. அதை மரநிழலுக்குள் கொண்டுவந்தபோது எழுந்த சிக்கல்களில் பேட்டரியும் ஒன்று.

வேலி உண்மையில் எவ்வளவு தின்கிறது?

பேட்டரி பற்றிய வாதங்கள் பலவும் இந்த எண்ணைப் பார்க்காமலேயே நடக்கின்றன. எனர்ஜைசர் எனப்படும் வேலிப்பெட்டி பேட்டரியிலிருந்து சிறுகச் சிறுக மின்சாரத்தை எடுத்து ஒரு மின்தேக்கியில் சேர்த்துவைக்கும். ஒரு வினாடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் அதை ஒரே துடிப்பாகக் கம்பிக்குள் விடும். துடிப்பின் அழுத்தம் பல ஆயிரம் வோல்ட். அது நீடிக்கும் நேரமோ வினாடியின் மிகச் சிறு பகுதி. ஐ.இ.சி. 60335-2-76 என்ற பன்னாட்டுத் தரம், இரு துடிப்புகளுக்கிடையே குறைந்தது ஒரு வினாடி இடைவெளி வேண்டும் என்றும், 500 ஓம் தடையில் ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலைத் தாண்டக்கூடாது என்றும் வரம்பு வைக்கிறது.

ஒரு ஜூல் அளவுள்ள சாதாரணப் பெட்டி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-மணி. நாலைந்து ஜூல் பெட்டியானால் இதைப்போல் ஐந்தாறு மடங்கு ஆகும். சின்னப் பெட்டியின் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். கீழே வருபவை எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. கம்பியில் புல் உரசினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பார்கள். பெரும்பாலான சாதாரணப் பெட்டிகளில் அது சரியல்ல. மின்தேக்கியில் ஒவ்வொரு முறையும் சேர்வது ஒரே அளவு ஆற்றல். வெளியே புல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேட்டரி கொடுப்பது ஏறக்குறைய அதேதான். புல் குடிப்பது கம்பியின் அழுத்தத்தை. மாட்டுக்கு அடி குறையும், பேட்டரி அப்படியே இருக்கும். சுமைக்கேற்பத் துடிப்பைக் கூட்டும் புதிய வகைப் பெட்டிகளில் மட்டுமே புல் பேட்டரியையும் தின்கிறது. ஆகவே மாடு வேலியைத் தாண்டியதும் பேட்டரியைக் குற்றம் சொல்லிப் பெரிய பேட்டரி வாங்குவது பல நேரங்களில் வீண் செலவு. கம்பிக்கடியில் பாராங் கத்தியை ஓட்டுவதும் தரையிணைப்புக் கம்பியைச் சோதிப்பதும்தான் முதல் வேலை.

உலர் பேட்டரியின் காலம்

மின்வேலியின் தொழில் வரலாறு நியூசிலாந்தின் ஹாமில்டன் வட்டாரத்தில் 1930-களில் பில் கல்லகரோடு தொடங்குவதாக வழக்கமாகச் சொல்வார்கள். கார் எரிபொறிச் சுருளின் தத்துவத்தில் இயங்கிய தொடக்ககாலப் பெட்டிகளுக்குப் பெரும் பலவீனம் ஒன்று இருந்தது. ஈரப் புல் பட்டதும் துடிப்பு அவிந்துவிடும். 1962-ல் ருவாகுரா வேளாண் ஆய்வு நிலையத்தில் டக் பிலிப்ஸ் உருவாக்கிய மின்தேக்கி வகைப் பெட்டி இதைத் தீர்த்தது. நீண்ட தூரத்துக்குப் புல்லை மீறி அடிக்கும் வேலி அதன் பிறகே நடைமுறைக்கு வந்தது.

ஐரோப்பாவில் சிறு பண்ணைகள் 9 வோல்ட் உலர் பேட்டரியை நாடின. முதலில் துத்தநாக-கார்பன், பின்னர் காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் துத்தநாக-காற்று வகை. வாங்கு, மாட்டு, தீர்ந்ததும் மாற்று என்ற எளிமை அதன் பலம். ஒரு மேய்ச்சல் பருவம் முடிந்து பனிக்காலத்தில் மாடு தொழுவத்துக்குள் போய்விடும் நாடுகளுக்கு அது பொருந்தியது. ஆண்டு முழுவதும் மேய்ச்சல் நடக்கும் பேராக்கில் அந்தக் கணக்கு உதைக்கிறது: மறுபடி மறுபடி வாங்க வேண்டும், ஒவ்வொன்றையும் குப்பையாக்க வேண்டும். துத்தநாக-காற்று பேட்டரி, மூடியைத் திறந்த நாளிலிருந்தே முதுமையடையும். ஈரக்காற்றில் அதன் காரக் கரைசல் நீரை உறிஞ்சிக்கொள்ளும். மழைக்காட்டு ஓரத்துக்கு இது ஏற்ற பொருளன்று. வேறு வழியில்லாத குறுகிய காலத் தேவைக்கு மட்டும் கைகொடுக்கும்.

கார் பேட்டரியா, டீப் சைக்கிளா?

நீண்டகாலச் சண்டை இதுதான். ஈய-அமிலப் பேட்டரி 1859-ல் காஸ்தோன் பிளான்தே கண்டறிந்தது. அதன் அடிப்படை வேதியியல் இன்றும் மாறவில்லை. மாறுவது தகடுகளின் அமைப்பு. கார், லோரி பேட்டரியில் மெல்லிய தகடுகள் பல இருக்கும். எஞ்சினைக் கிளப்பச் சில வினாடி பெருமின்னோட்டம் தருவதற்காகச் செய்தது அது. உடனே ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும் என்ற நம்பிக்கையில் பிறந்த பேட்டரி. அடி மட்டத்துக்கு இறக்கினால் மெல்லிய தகடு உதிர்ந்துவிடும். டீப் சைக்கிள் பேட்டரியில் தகடு தடிமன். பாதி வரை இறக்கி ஏற்றுவதை நூற்றுக்கணக்கான முறை தாங்கும்.

நூலறிவு டீப் சைக்கிளின் பக்கம் நிற்கிறது. ஆனாலும் சாதாரணக் கார் பேட்டரியை வைத்து ஆண்டுக்கணக்கில் வேலியை ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். சில மாதங்களில் இழந்தவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரின் அனுபவமும் உண்மையாக இருக்க முடியும். வேறுபாட்டைத் தீர்மானித்தது அவர்கள் பேட்டரியை நிரப்பிய முறை.

50 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சூரியத் தகடு ஒவ்வொரு நாளும் நிரப்பினால் அன்றாட இழப்பு 2.4 ஆம்பியர்-மணி, அதாவது ஐந்து விழுக்காடு. இந்த மேலோட்டமான இறக்கம் கார் பேட்டரிக்கு ஒரு பொருட்டே இல்லை. அதே பேட்டரியைச் சூரியத் தகடு இல்லாமல் வைத்து, தீர்ந்ததும் வீட்டுக்குத் தூக்கிச் சென்று சார்ஜ் செய்யும் முறையில் கதை வேறு. பத்து நாளில் பாதி இறங்கும். வேலை நெருக்கடியில் இன்னும் பத்து நாள் கழிந்தால் அடியைத் தொடும். அது மட்டுமல்ல, பாதி காலியான நிலையிலேயே நாட்கணக்கில் நிற்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படும். கார் பேட்டரி இந்த முறையில் விரைவில் சாகிறது. டீப் சைக்கிள் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் சல்பேட் படிவு அதையும் விடுவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாற்றி மாற்றி வைக்கும் முறையில் ஆண்டுக்கு முப்பத்தைந்து, நாற்பது சுழற்சிகளுக்கு மேல் வராது. நூற்றுக்கணக்கான சுழற்சி தாங்கும் டீப் சைக்கிள் பேட்டரி அந்தக் கணக்கில் பத்தாண்டு வாழ வேண்டும். வாழ்வதில்லை. சுழற்சி தீர்வதற்கு முன்பே வெப்பமும் சல்பேட்டும் அதைக் கொன்றுவிடுகின்றன. இயங்கும் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பேட்டரித் தொழிலின் பழைய விதி. 25 டிகிரிக்குக் குறித்த ஆயுளை வெயிலில் வைத்த தகரப் பெட்டிக்குள் எதிர்பார்க்கலாகாது. செம்பனை நிழல் இந்த ஒரு விஷயத்தில் மாடு வளர்ப்பவருக்குத் துணை.

பழைய லோரி பேட்டரியை மலிவென்று வாங்குவது பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சினைக் கிளப்ப முடியாமல் கழித்த பேட்டரியும் வேலியின் சொற்ப மின்னோட்டத்தைக் கொடுக்கும். அதனால்தான் அது வேலை செய்வதுபோல் தெரிகிறது. ஒரு அறை பழுதானால் மொத்த அழுத்தமும் இறங்கி, அதை எத்தனை முறை சார்ஜ் செய்தாலும் பயனிருக்காது. தினமும் வேலியைச் சோதிப்பவருக்கு அத்தகைய பழைய பேட்டரி போதும். நெடுஞ்சாலைக்கு அருகே மாடு வைத்திருப்பவர் அந்தத் துணிவை எடுக்கலாகாது.

மூடிய பேட்டரியின் வாக்குறுதி

ஏ.ஜி.எம்., ஜெல் வகை மூடிய ஈயப் பேட்டரிகளில் நீர் ஊற்ற வேண்டியதில்லை. சாய்ந்தாலும் அமிலம் சிந்தாது. மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்ல வசதி. இந்த வாக்குறுதியில் பொய்யில்லை. பலவீனம், சார்ஜ் அழுத்தம் சற்றுக் கூடினாலும் உள்ளே உள்ள நீர் வாயுவாகிப் போய்விடும், மீண்டும் ஊற்ற வழியில்லை என்பது. சூடான இடத்தில் சார்ஜ் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் திறனில்லாத மலிவுக் கட்டுப்பாட்டுக் கருவியோடு சேர்த்தால் அது உள்ளுக்குள் காய்ந்து சாகும். திறந்த வகைப் பேட்டரியில் வடிநீர் ஊற்றி அந்தத் தவறைச் சரிக்கட்டலாம். கவனிக்க ஆளிருக்கும் இடத்தில் திறந்த வகையே மன்னிக்கும் குணமுள்ளது.

லித்தியம்: எது மெய்யான நன்மை?

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வேதியியலை டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃபின் குழு 1990-களின் நடுப்பகுதியில் வெளிக்கொணர்ந்தது. தஞ்சோங் மாலிமுக்கு அது அந்நியமில்லை. இவ்வூரில் ஆலை வைத்திருக்கும் புரோட்டோன் 2024 டிசம்பரில் வெளியிட்ட முதல் மின்கார் இ.மாஸ் 7-ல் இருப்பதும் அதே வகைப் பேட்டரிதான்.

விற்பவர்கள் முதலில் சொல்லும் எண் சுழற்சி: இரண்டாயிரம், மூவாயிரம். வேலியைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்கு ஏறக்குறைய மதிப்பில்லை. ஆண்டுக்கு நாற்பது சுழற்சி கேட்கும் வேலைக்கு இரண்டாயிரம் சுழற்சி என்பது ஐம்பது ஆண்டு. அவ்வளவு காலம் எந்தப் பேட்டரியும் வாழப்போவதில்லை. பயன்படாத திறனுக்குப் பணம் கொடுக்கிறோம் என்ற குறைகூறல் இந்த அளவில் சரி.

மெய்யான நன்மைகள் வேறு இடத்தில் உள்ளன. ஒன்று எடை. 50 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி பதினைந்து கிலோ அளவில் இருக்கும். லித்தியத்தில் ஆறேழு கிலோ. பயன்படுத்தக்கூடிய பங்கு ஈயத்தில் பாதி, லித்தியத்தில் ஐந்தில் நான்கு. எனவே ஒரு ஜூல் பெட்டியை முன்னது பத்து நாளும், பின்னது பதினாறு நாளும் ஓட்டும். மழை பெய்து சறுக்கும் தோட்டப் பாதையில் பேட்டரியைச் சுமப்பவருக்கு, அதிலும் வயதானவருக்கு, இந்த வேறுபாடு பெரிது. மற்றொன்று, பாதி காலியாக நாட்கணக்கில் நிற்பது லித்தியத்தைக் கெடுப்பதில்லை. ஈயத்தைக் கொல்லும் அதே மறதியை அது பொறுத்துக்கொள்கிறது.

குறைகளும் சாதாரணமானவை அல்ல. ஈயப் பேட்டரி மெல்ல மெல்லச் சோர்ந்து முன்னறிவிப்புத் தரும். 12.7 வோல்ட் நிறைவு, 12.2 பாதி, 12-க்குக் கீழே அபாயம் என்று ஒரு மலிவான மீட்டரால் படித்துவிடலாம். லித்தியத்தின் அழுத்தம் கடைசிவரை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். பிறகு உள்ளிருக்கும் பாதுகாப்புச் சுற்று சட்டென்று துண்டித்துவிடும். இரவில் வேலி செத்தது காலையில் மாட்டைக் காணாதபோதுதான் தெரியும். ஈயத்துக்கு அளவிட்ட வேலிப்பெட்டியின் பச்சை விளக்கு லித்தியத்தில் கடைசி நாள் வரை பச்சையாகவே எரியலாம். சல்பேட்டைக் கரைக்க உயர் அழுத்தம் செலுத்தும் பழைய சார்ஜரை லித்தியத்துக்குப் பயன்படுத்தவே கூடாது.

பேட்டரியே வேண்டாம் என்ற பதில்

வீட்டு மின்சாரத்தில் இயங்கும் தரமான பெட்டியைச் சுவரில் மாட்டி, அங்கிருந்து காப்பிட்ட கம்பியால் வேலிக்குத் துடிப்பைக் கொண்டுபோனால் பேட்டரித் தொல்லையே இல்லை. பெட்டியின் மின்செலவு அற்பம், துடிப்பும் வலுவானது. லயமோ வேறு வீடோ அருகிலிருந்தால் இதைவிட நல்ல வழி கிடையாது என்பதே பெரும்பாலான வல்லுநர்களின் நிலை. மின்தடைதான் அதன் குறை.

ஆனால் இந்தப் பதிலின் நிழலில் ஒரு கொடுமை வளர்ந்திருக்கிறது. பெட்டியின் விலையை மிச்சம்பிடிக்க 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் கொடுப்பது வேலி அல்ல, கொலைக்கருவி. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி இருப்பதால்தான் தொட்டவர் விலக முடிகிறது. தொடர் மின்னோட்டம் தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட சட்டவிரோத வேலியில் மூன்று யானைகள் இறந்தன. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. பேட்டரி பற்றிய எந்த விவாதமும் மனித உயிருக்குப் பின்னால்தான் வர வேண்டும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் தரச்சான்று பெற்ற பெட்டியின் தலையாய சிறப்பு, அந்தத் தவறைச் செய்யவே வழியில்லாமல் இருப்பது.

நிழல் கேட்கும் கேள்வி

இதுவரை கண்ட பதில்கள் அனைத்தும், அவற்றை எழுதிய கையேடுகளும், திறந்த வானத்தை எடுத்துக்கொண்டவை. நியூசிலாந்து, ஐரோப்பியக் கையேடுகள் குளிர்கால இருட்டுக்காகப் பெரிய பேட்டரியைப் பரிந்துரைக்கும். பேராக்கில் பருவத்துக்குப் பருவம் வெயில் பெரிதாக மாறுவதில்லை. நாளுக்கு நான்கு மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஆற்றல் என்று எடுத்துக்கொள்வது நிதானமான மதிப்பீடு. ஒரு ஜூல் பெட்டியின் நாள் தேவை சுமார் 29 வாட்-மணி. இழப்புகளையும் சேர்த்தால் 12 வாட் தகடு போதும், 20 வாட் இருந்தால் மேகமூட்டமும் கவலையில்லை. ஒரு வாரம் தாங்கும் பேட்டரிக்கு மேல் இங்கே தேவைப்படாது.

இந்த அழகான கணக்கு செம்பனைக்குள் நுழைந்ததும் உடைகிறது. நட்டு ஆறேழு ஆண்டில் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். தரைக்கு வரும் வெளிச்சம் சிறு பங்குதான். அங்கே மந்தையோடு சேர்த்து நகர்த்திய சூரியத்தகடு நாள் முழுவதும் பசியோடு நிற்கும். பேட்டரி, தகடு, பெட்டி மூன்றும் ஒரே கூட்டில் வரும் சிறு சூரியக் கருவிகளின் நிலை இதைவிட மோசம். அவற்றின் உள்பேட்டரி சிறியது. ஒரு வாரம் நிழலில் நின்றால் அது அடிமட்டத்துக்குப் போய்விடும். திறந்த புல்வெளிக்குச் செய்த பொருளைச் செம்பனை அடியில் வைத்துவிட்டு அதன் தரத்தைப் பழிப்பது நியாயமில்லை.

தப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பேட்டரி மந்தையோடு நகர வேண்டும் என்ற எண்ணத்தையே கைவிடுவது. துடிப்பின் அழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட் என்பதால் அது காப்பிட்ட கம்பியில் நூற்றுக்கணக்கான மீட்டர் அதிக இழப்பின்றிச் செல்லும். தோட்டச் சாலையோரத்திலோ, மறுநடவு செய்த இளம் பாத்தியின் விளிம்பிலோ, வானம் தெரியும் இடத்தில் தகட்டையும் பெட்டியையும் நிலையாக நிறுத்தி, நகரும் பாத்திக்குக் கம்பியை மட்டும் நீட்டலாம். தகடு வெயிலிலும் பேட்டரி நிழலிலும் இருக்கவும் முடியும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் முப்பது மீட்டர் தூரத்துக்கு 20 வாட் தகட்டின் மின்னோட்டம் அரை வோல்ட் அளவே இழக்கும். இவ்வழியில் சென்றால் விலை குறைந்த திறந்த வகை ஈயப் பேட்டரியே போதுமானது. கார் பேட்டரிகூட ஓடும். லித்தியத்துக்கு இங்கே நியாயம் குறைவு.

இரண்டாவது, தகட்டை விட்டுவிட்டு இரு பேட்டரிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது: ஒன்று வேலியில், மற்றது வீட்டில் சார்ஜரில். சாலையிலிருந்து வெகு உள்ளே மேய்ப்பவர்களுக்கும், தகட்டைத் திருடிவிடுவார்கள் என்று அஞ்சுபவர்களுக்கும் இதுவே வழி. இங்கேதான் லித்தியம் தன் விலைக்கு விடை சொல்கிறது: சுமை குறைகிறது, தாமதத்தைப் பொறுக்கிறது.

திருட்டு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஈயத்துக்குப் பழைய இரும்புக்கடையில் எடைக்கு விலை உண்டு. சாலையோரத்தில் பளிச்சென்று நிற்கும் பேட்டரிப் பெட்டி அழைப்பிதழ் வைத்ததுபோல்தான். பூட்டிய இரும்புக்கூடு, கண்ணில் படாத இடம், தோட்டக் காவலாளியோடு நல்லுறவு ஆகிய மூன்றும் எந்தப் பேட்டரி என்பதற்கு நிகரான முடிவுகள்.

இடியும் மழையும்

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரை உலகிலேயே இடி மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் தஞ்சோங் மாலிமுக்குப் பிற்பகல் இடிமழை புதிதல்ல. பருவக்காற்று மாறும் ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் மாதங்களில் அது உச்சத்தில் இருக்கும். நீண்ட வேலிக்கம்பி மின்னலின் அதிர்வைச் சேர்த்துப் பெட்டிக்குக் கொண்டுவரும். பெட்டி எரிந்தால் சுற்று உடைந்து பேட்டரிக்கும் பாதிப்பு வரலாம். வெறும் தகடும் அமிலமுமான ஈயப் பேட்டரி இதைச் சமாளிக்க வாய்ப்பு கூடுதல்; லித்தியத்தின் உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் அது கூடுதலாக அஞ்ச வேண்டியது. வேலிக்கும் பெட்டிக்கும் நடுவே மின்னல் தடுப்பி வைத்து, அதற்குத் தனித் தரையிணைப்புக் கொடுப்பது எவ்வகைப் பேட்டரிக்கும் பொருந்தும். இடிக்கருமேகம் திரளும்போது பெட்டியை வேலியிலிருந்து கழற்றிவிடுவது அதைவிட உறுதி. ஆனால் மாடு வேலிக்குப் பழகியிருக்க வேண்டும்.

இலங்கை தரும் ஒரு பாடம்

மாட்டுக்கும் யானைக்கும் வேலியின் உயரம் வேறு, அடியின் வலு வேறு. பேட்டரியும் சூரியத்தகடும் கொண்ட அமைப்பு ஒன்றே. இலங்கையில் யானைகளுக்காக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மின்வேலி உள்ளது. அங்கே பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர் சார்ந்த பாதுகாப்பு ஆராய்ச்சி மையமும் முன்வைத்த கருத்து, காட்டெல்லையில் அரசு போடும் வேலியைவிட, கிராமத்தாரும் நெல் விவசாயிகளும் தாங்களே வயலைச் சுற்றிப் போட்டுப் பராமரிக்கும் வேலி நன்றாக வேலை செய்கிறது என்பது. பேட்டரியை மாற்றாமலேயே, பொறுப்பாளரை மாற்றியதால் வந்த பலன் அது. செம்பனைத் தோட்டத்தில் தனித்தனியாக ஐந்தாறு மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் ஒரே வேலியைப் பகிர்ந்து, சோதிக்கும் முறையை நாள்வாரியாகப் பிரித்துக்கொண்டால் மலிவான பேட்டரியும் போதுமானதாகிவிடும்.

தீராதவை

சில கேள்விகள் இன்னும் திறந்தே உள்ளன. லித்தியம் இரும்பு பாஸ்பேட் தோட்டத்து ஈரத்திலும் வெப்பத்திலும் பத்தாண்டு தாங்குமா என்பதைக் காலம்தான் காட்டும். வேலிக்கு அது வந்து அவ்வளவு காலம் ஆகவில்லை. சந்தைக்கு வரத் தொடங்கியுள்ள சோடியம்-அயன் பேட்டரிகள் விலையைக் குறைக்கலாம். ஆனால் அவற்றின் அழுத்தம் நிறைவுக்கும் காலிக்கும் இடையே வெகுவாக ஏறி இறங்குவதால், இன்றைய 12 வோல்ட் வேலிப்பெட்டிகள் அதை ஏற்குமா என்று பார்க்க வேண்டும். செம்பனை மறுநடவுச் சுழற்சியோடு தகட்டின் இடத்தையும் திட்டமிடும் முறை ஒன்று தோட்ட நிர்வாகங்களுக்கும் மாடு வளர்ப்போருக்கும் இடையே உருவாக வேண்டியிருக்கிறது. அது பொறியியலைக் காட்டிலும் நில உரிமை சார்ந்த கேள்வி. ஆண்டுக்கு ஆண்டு வெளியேறச் சொல்லப்படலாம் என்ற அச்சத்தில் இருப்பவர் நிலையான அமைப்பில் முதலீடு செய்யத் தயங்குவார். பழைய லோரி பேட்டரியோடு அவர் நிற்பதற்கு அறியாமையைக் காரணமாகச் சொல்ல முடியாது.

கிடைத்த சான்றுகளை எடைபோட்டால் இவ்வளவு சொல்லலாம். வீட்டு மின்சாரம் எட்டும் இடத்தில் சுவர்ப்பெட்டி. வானம் தெரியும் நிலையான இடம் கிடைத்தால் 20 வாட் தகடும் 50 ஆம்பியர்-மணித் திறந்த வகை டீப் சைக்கிளும். உள்ளே நகரும் வேலிக்கு மாற்றி வைக்க இரண்டு லித்தியம் பேட்டரிகள். எதை வாங்கினாலும் மாட்டிய தேதியைப் பெட்டியின் மேல் எழுதி, வாரம் ஒருமுறை பேட்டரியின் வோல்ட்டையும் வேலியின் கடைக்கோடி வோல்ட்டையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். செத்த ஈயப் பேட்டரியைக் கால்வாயில் போடவேண்டாம். மலேசியச் சட்டத்தில் அது எஸ்.டபிள்யூ. 102 என்ற குறியீட்டின் கீழ் வரும் அட்டவணைக் கழிவு, உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.